கான் அல் கலீலி: கடைக்குப் பின்னால் பட்டறை இருக்கிறதா?

உம்ராவை நிறைவேற்றிவிட்டு அப்படியே எகிப்தையும் பார்த்து வரும் பயணக் குழுக்களில் நம்மவர்கள் பலர் சேர்ந்து செல்கின்றனர். கெய்ரோவில் பிரமிட்டுகளைப் பார்த்த மறுநாள் பஸ் வண்டி ஹுஸைன் பள்ளிவாசல் சதுக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். இரண்டு மணித்தியாலம் தவணை. அதற்குள் கான் அல் கலீலி பஸாரைச் சுற்றிப் பார்த்து, பேரம் பேசி, சாமான் வாங்கி, பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும். அநேகமானோர் ஒரு பாபிரஸ் தாள், சிறிய பிரமிட் பொம்மை, அத்தர் போத்தல் என்று கையில் ஒரு பையுடன் வருவார்கள். வீட்டுக்கு வந்து பையை அவிழ்த்துப் பார்த்தால் சில சாமான்களின் அடியில் வேறொரு நாட்டின் பெயர் இருக்கும்.

வியாபாரம் செய்கிறவர்கள் இந்தப் பஸாரை இரண்டு மணித்தியாலத்தில் பார்த்துவிட்டு வருவது நட்டம் என்பேன். 600 வருடங்களுக்கு மேலாக ஒரே இடத்தில் கொடுக்கல் வாங்கல் நடக்கும் சந்தை அபூர்வம். அது எப்படி நிலைத்தது, எங்கே சறுக்கியது, இன்று எந்தத் தெரு உயிரோடு இருக்கிறது, எந்தத் தெரு வெறும் காட்சிக்கு நிற்கிறது என்பதெல்லாம் புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவருக்கும் பிரயோசனமான விடயங்கள். கடந்த பயணத்தில் நான்கு நாட்களை இதற்கென்றே ஒதுக்கினேன். அல் அஸ்ஹரில் படிக்கும் நமது நாட்டு மாணவர் ஒருவர் மொழிபெயர்ப்புக்காகக் கூட வந்தார். ஒவ்வொரு தெருவிலும் இரண்டே கேள்விகளைத்தான் கேட்டேன். இதை எங்கே செய்கிறீர்கள்? இதை யார் வாங்குகிறார்கள்?

நமக்கும் இந்தத் தெருவுக்கும் பழைய கணக்கு

ஹுஸைன் பள்ளிவாசலில் இருந்து சில நிமிட நடையில் முஇஸ் வீதி வருகிறது. பழைய கெய்ரோவின் முதுகெலும்பு இதுதான். இந்த வீதியில் சுல்தான் கலாவூனின் பிரமாண்டமான கட்டடத் தொகுதி நிற்கிறது. பள்ளிவாசல், மத்ரஸா, அடக்கஸ்தலம், வைத்தியசாலை எல்லாவற்றையும் சேர்த்து 1284, 1285ஆம் ஆண்டுகளில் கட்டி முடித்தார்கள்.

அதற்கு முந்திய வருடம், 1283இல், நமது நாட்டில் இருந்து ஒரு தூதுக்குழு இந்தச் சுல்தானைத் தேடி கெய்ரோ வந்தது. யாப்பஹுவையில் இருந்து ஆட்சி செய்த முதலாம் புவனேகபாகு மன்னன் அனுப்பிய குழு அது. ஹாஜ் அபூ உஸ்மான் என்ற முஸ்லிம் அதற்குத் தலைமை தாங்கினார். கொண்டுவந்த ஓலையை கெய்ரோவில் வாசிக்க ஆள் இல்லை. ஆகவே செய்தியை வாயால் சொல்லச் சொன்னார்கள். சொன்ன செய்தி முழுக்க முழுக்க வியாபாரம்: எங்களிடம் முத்தும் மாணிக்கமும் இருக்கின்றன, யானை இருக்கிறது, துணி இருக்கிறது, கறுவா இருக்கிறது, கப்பல்களும் இருக்கின்றன, உங்களோடு நேரடியாக வியாபாரம் செய்ய விரும்புகிறோம் என்பதே அதன் சாரம். இடைத் தரகரை விலக்கி, கடைசியில் வாங்குபவரிடமே நேரடியாகப் போக நினைத்த அந்த மன்னனை ஒரு நல்ல வியாபாரி என்றுதான் சொல்ல வேண்டும்.

கான் அல் கலீலி அப்போது பிறந்திருக்கவில்லை. அது இன்னும் 100 வருடங்களுக்குப் பிறகு, 1380களில், சுல்தான் பர்கூக்கின் குதிரை லாயங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஜஹார்கஸ் அல் கலீலி என்ற அமீர் கட்டியது. பஸாருக்கு அவருடைய பெயர்தான் நிலைத்துவிட்டது. பாத்திமிய கலீபாக்களின் பழைய மையவாடி இருந்த நிலம் அது. கல்லறைகளைத் தோண்டி எலும்புகளைக் குப்பை மேட்டில் கொட்டிவிட்டே கட்டினார் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதிவைத்திருக்கிறார்.

கான் என்றால் வெளியூர் வியாபாரி தங்கும் இடம். கீழே களஞ்சியமும் கடையும், மேலே தங்கும் அறைகள், நடுவில் ஒட்டகத்தில் இருந்து சாமான் இறக்கும் முற்றம். வாசல் ஒன்றுதான், இரவில் அதைப் பூட்டிவிடுவார்கள். சாமானுக்குப் பாதுகாப்பு, அரசாங்கத்துக்கு வரி அறவிட வசதி. வகாலா என்பதும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

1505: ஒரே அடி, இரண்டு ஊர்களுக்கு

அல் அஸ்ஹர் பள்ளிவாசலுக்குப் பின்புறம் சுல்தான் கௌரி கட்டிய வகாலா இன்றும் முழுமையாக நிற்கிறது. ஐந்து மாடி. 1504, 1505ஆம் ஆண்டுகளில் கட்டிய கட்டடம். அதன் முற்றத்தில் நின்று அந்த ஆண்டை யோசித்தபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. போர்த்துக்கீசர் கொழும்பில் வந்து இறங்கியதும் 1505இல்தான். சோனக வியாபாரிகளின் கப்பல்களைத் துரத்திக்கொண்டு மாலைதீவுப் பக்கம் வந்த லொரென்ஸோ டி அல்மேதா, காற்றில் திசைமாறி இங்கே வந்து சேர்ந்தார் என்று பாடசாலையில் படித்திருக்கிறோம். அவர் யாருடைய வியாபாரத்தைப் பிடுங்க வந்தார்? நமது முன்னோர் அனுப்பிய கறுவாவும், மலபாரின் மிளகும் செங்கடல் வழியாக வந்து குவிந்தது இந்த கெய்ரோ நகரத்தில். இங்கிருந்து அலெக்சாந்திரியா, அங்கிருந்து வெனிஸ். 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வழி கண்டுபிடித்த பின்னர் அந்தச் சங்கிலி அறுபடத் தொடங்கியது.

கௌரி சும்மா இருக்கவில்லை. கப்பற்படை அனுப்பினார். 1508இல் சவுல் என்ற இடத்தில் அந்தப் படை வென்றது. லொரென்ஸோ அங்கேதான் கொல்லப்பட்டார். அடுத்த வருடமே தியூவில் போர்த்துக்கீசர் பழிவாங்கினார்கள், மம்லூக் படை அழிந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அதற்குப் பிறகும் 1511இல் கௌரி கான் அல் கலீலியை இடித்துப் புதிதாகக் கட்டினார். அப்போது எழுப்பிய பெரிய கல்வாசல்களைத்தான் இன்று உல்லாசப் பயணிகள் படம் பிடிக்கிறார்கள். வருமானம் விழுந்துகொண்டிருக்கும்போது கட்டடத்துக்குச் செலவழித்த சுல்தான்! 1516இல் உஸ்மானியரோடு நடந்த மர்ஜ் தாபிக் போரில் அவர் இறந்தார், உடல்கூடக் கிடைக்கவில்லை. ஆசையோடு கட்டிவைத்த அடக்கஸ்தலத்தில் அவர் இல்லை.

கெய்ரோ வியாபாரிகள் என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். மிளகு தேய்ந்த இடத்தில் அவர்கள் யெமன் கோப்பியைப் பிடித்துக்கொண்டார்கள். 1600ஆம் ஆண்டளவில் இஸ்மாயில் அபூ தாகிய்யா என்ற வியாபாரி கெய்ரோ வணிகர்களின் தலைவராக, ஷாஹ்பந்தராக, இருந்தவர். கோப்பியையும் சீனியையும் பெருமளவில் கையாண்டவர். அவருடைய கொடுக்கல் வாங்கல் எல்லாம் காதி நீதிமன்றப் பதிவேடுகளில் எழுத்தில் இருப்பதால்தான் அவரைப் பற்றி ஆய்வாளர்கள் ஒரு புத்தகமே எழுத முடிந்தது. கூட்டு வியாபாரத்தை வாய்ப்பேச்சில் நடத்துகிற நம்மவர்கள் இதைக் கவனிக்கலாம். கோப்பியும் நிரந்தரமாக இருக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் மேற்கிந்தியத் தீவுகளில் பயிரிட்ட மலிவுக் கோப்பியை கிழக்குச் சந்தைகளுக்கே கொண்டுவந்து விற்கத் தொடங்கினார்கள்.

இன்றைய தெருக்கள்

இப்போது கான் அல் கலீலியின் நடுப்பகுதியில் நிற்பவை பெரும்பாலும் உல்லாசப் பயணிகளை நம்பிய கடைகள். 2010இல் எகிப்துக்கு ஏறக்குறைய 1 கோடி 47 இலட்சம் பேர் சுற்றுலா வந்தார்கள். 2011 ஜனவரியில் புரட்சி வெடித்தது. 2016இல் வந்தவர்கள் சுமார் 54 இலட்சம் மாத்திரமே. 2023இல் தொகை மீண்டும் 1 கோடி 49 இலட்சத்தை எட்டியது. இடையில் அந்தக் கடைக்காரர்கள் எப்படி வாடகை கட்டினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகும், பின்னர் கொரோனாவிலும், 2022 நெருக்கடியிலும் அடிபட்ட நமது ஹோட்டல்காரர்களுக்கும் மாணிக்கக் கடைக்காரர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

நடுப்பகுதிக் கடைகளில் என் முதற்கேள்விக்குத் தெளிவான பதில் குறைவு. "எல்லாம் கைவேலை, ஹாஜி" என்பார்கள். எந்தத் தெருவில் செய்கிறீர்கள், போய்ப் பார்க்கலாமா என்று கேட்டால் பேச்சு மாறும். சிப்பி பதித்த பெட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். உண்மையான சிப்பி ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு நிறத்தில் மினுங்கும், விரலால் தடவினால் இணைப்பு தெரியும். பிளாஸ்டிக் எல்லாத் துண்டிலும் ஒரே மாதிரி மினுங்கும். பாபிரஸ் என்று விற்பதில் வாழைச் சருகில் செய்ததும் உண்டு. அதைச் சுருட்டினால் வெடிக்கும். பித்தளைத் தட்டை வாங்குவதென்றால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். மெசினில் அழுத்திய தட்டில் முன்பக்கப் பூவேலை பின்பக்கத்திலும் அப்படியே புடைத்து நிற்கும். உளியால் வெட்டியது அப்படி இருக்காது, பாரமும் கூடுதல். வழிகாட்டி கூட்டிக்கொண்டு போகும் கடையில் விலைக்குள் அவருடைய கமிஷனும் இருக்கிறது. இந்தக் கலையை நம் நாட்டு வியாபாரிகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனால் சிரிப்பார்கள்.

சீனச் சாமானுக்கு எதிராக எகிப்து அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2015இல் நாட்டார் கலைப் பொருட்களின் இறக்குமதியைத் தடை செய்தது. முக்கியமாகக் குறிவைத்தது றமழான் மாதத்தில் வீட்டுக்கு வீடு பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் பானூஸ் விளக்கை. பாட்டுப் பாடும் பிளாஸ்டிக் பானூஸ் சீனாவில் இருந்து கொள்கலன் கொள்கலனாக வந்துகொண்டிருந்தது. தகரத்தை வெட்டி, நிறக் கண்ணாடி பொருத்தி, ஈயத்தால் ஒட்டும் விளக்குக்காரர்கள் பாப் ஸுவைலா வாசலுக்கு அருகே தஹ்துர் ரபா என்ற தெருவில் இருக்கிறார்கள். தடை அவர்களுக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அந்த விளக்கை வாங்குவது கெய்ரோவின் தாய் தகப்பன்மார். றமழான் ஒவ்வொரு வருடமும் வருகிறது. விமான நிலையத்தைப் பூட்டினாலும் அந்த வியாபாரம் நிற்காது.

இதே கணக்குதான் ஸாகா என்னும் தங்க வீதியிலும். கான் அல் கலீலிக்கு ஒட்டியே இருக்கிறது, ஆனால் உள்ளே போனால் பேச்சே வேறு. பெண்பிள்ளைக்குக் கல்யாணம் பேசிய குடும்பங்கள், சேமிப்பைத் தங்கமாக மாற்ற வந்த உத்தியோகத்தர்கள். நமது செட்டியார் தெருவைப் போல 22 கரட் அல்ல, அங்கே 21 கரட்தான் பிரதானம்; 18 கரட்டும் ஓடும். அவர்களுடைய தங்கப் பவுணும் நம்முடையதைப் போல 8 கிராம்தான், ஆனால் 21 கரட். அரசாங்க முத்திரை நிலையத்தின் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சனம் வாங்குகிறது. அன்றைய விலையும் நிறையும் ஒரு கணக்கு, செய்கூலி தனிக் கணக்கு; பேரம் பேசுவது செய்கூலியில் மட்டும். 2016 நவம்பரில் எகிப்திய பவுண் நாணயத்தை மிதக்கவிட்டார்கள். 2024 மார்ச்சில் ஒரே நாளில் டொலருக்கு 31 அளவில் இருந்தது 50 அளவுக்குப் போனது. 2022இல் நமது ரூபா 200இல் இருந்து 360க்குப் போனதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தெருவின் நெரிசல் புரியும்.

பிறை செய்யும் தெரு

முஇஸ் வீதியில் கலாவூன் தொகுதிக்கு அருகில் நஹ்ஹாஸீன், அதாவது செம்புக்காரர் தெரு. சுத்தியல் சத்தம் இன்னும் கேட்கிறது, முன்னரைப் போல இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். கடை வாசலில் ஆள் உயரத்துக்கும் மேலே பித்தளைப் பிறைகள் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். பள்ளிவாசல் மினாராவின் உச்சியில் ஏற்றும் பிறைதான். தகட்டை அடித்து உருண்டைகளாக்கி, ஒன்றின் மேல் ஒன்றாகக் கோர்த்து, மேலே பிறையைப் பொருத்துகிறார்கள். ஓடர் கொடுப்பது ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகங்கள். புதிய பள்ளிவாசல் கட்டும் வரைக்கும் ஓடர் வரும். செம்புப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசிக் கொடுக்கும் வேலையும் இருக்கிறது, ஆனால் அலுமினியமும் எவர்சில்வரும் வந்த பின்னர் அதைத் தேடி வருபவர்கள் குறைவு.

கௌரிய்யாத் தெருவில் ஒரு தொப்பிப் பட்டறை. நமக்குத் துருக்கித் தொப்பி, அவர்களுக்குத் தர்பூஷ். கம்பளித் தொப்பியை நனைத்து, பித்தளை அச்சில் மாட்டி, சூடாக்கிய மேல் அச்சைத் திருகி இறுக்குகிறார்கள். ஆவி பறக்கிறது. உள்ளே விறைப்புக்கு ஓலைப் பின்னல், மேலே கறுப்புக் குஞ்சம். இந்தத் தொப்பியை நமது மக்களிடையே பரப்பியவர் என்று அறியப்படுபவர் ஒராபி பாஷா. பிரித்தானியரால் நாடுகடத்தப்பட்டு 1883இல் இருந்து 1901 வரை இலங்கையில் வாழ்ந்தவர்; 1892இல் கொழும்பு ஸாஹிராவாக மலர்ந்த பாடசாலைக்கு ஊக்கம் தந்தவர். 1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் இந்தத் தொப்பியுடன் உயர் நீதிமன்றத்தில் தோன்றுவதைத் தடுத்தபோது, மருதானையில் திரண்ட கூட்டத்தை நமது வரலாறு மறக்கவில்லை. அந்தத் தொப்பியின் ஊரில் நின்று அச்சு திருகப்படுவதைப் பார்ப்பது எனக்கு ஒரு தனி அனுபவம்.

இதிலும் வியாபாரக் கதை இருக்கிறது. எகிப்தியர் எல்லோரும் தர்பூஷ் அணிந்த காலத்தில் தொப்பி பெரும்பாலும் ஐரோப்பாவில் இருந்துதான் இறக்குமதியானது. 1931இல் மாணவர்கள் ஆளுக்கு ஒரு கிர்ஷ் என்று தெருத் தெருவாகச் சேர்த்து, நாட்டுக்குச் சொந்தமாக ஒரு தர்பூஷ் தொழிற்சாலை அமைக்கும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1933இல் தொழிற்சாலையும் வந்தது. ஆனால் 1952 புரட்சிக்குப் பிறகு தர்பூஷே பழைய அரசாட்சியின் சின்னம் என்று ஒதுக்கப்பட்டது. உற்பத்தி சொந்தமாகிய நேரத்தில் வாங்குபவர் இல்லாமல் போனார்! இன்று கௌரிய்யாப் பட்டறை பிழைத்திருப்பது அஸ்ஹரின் ஷெய்குமார்களாலும் காரிமார்களாலும்தான். அவர்கள் வெள்ளைத் துணி சுற்றி அணியும் தலைப்பாகைக்கு உள்ளே இருப்பது இந்தச் சிவப்புத் தொப்பி.

அத்தர்க் கடைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஊதிச் செய்த சிறு போத்தல்கள் அழகு, உள்ளே இருப்பதை உங்கள் மூக்குத்தான் தீர்மானிக்க வேண்டும். வாசனைத் திரவியக் கடைகளில் மட்டும் சற்று நின்றேன். கிர்பா என்று மூட்டையில் வைத்திருந்ததில் தடித்த பட்டைதான் அதிகம், அது கசியா. நமது கறுவா மெல்லிய தாள்கள் சுருண்டு சுருட்டுப் போல இருக்கும். இலங்கைக் கறுவாவுக்கு 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவியியல் குறியீடு கிடைத்துவிட்டது, ஆனால் இந்தத் தெருவுக்கு அந்தச் செய்தி வந்ததாகத் தெரியவில்லை. கடைக்காரர் கொடுத்த தேநீரும் கென்யத் தேயிலை. நம்மிடம் பெருமளவில் வாங்கிய நாடுதான் இது. 1998இல் எகிப்து கொமெசா என்னும் ஆபிரிக்கப் பொதுச் சந்தையில் சேர்ந்த பின்னர் கென்யாவுக்கு வரிச் சலுகை, நமக்கு வரி. அபூ உஸ்மானைப் போல இன்னொருவரை அனுப்ப வேண்டிய காலம்.

கூடாரக்காரர் தெரு

கான் அல் கலீலியில் இருந்து தெற்கே, பாப் ஸுவைலா வாசலைக் கடந்தால், மரக்கூரை போட்ட ஒரு தெரு வருகிறது. 1650ஆம் ஆண்டளவில் ரத்வான் பே என்ற அமீர் கட்டியது. கெய்ரோவில் கூரையோடு எஞ்சியிருக்கும் பழைய கடைவீதி இது. பெயர் கியாமிய்யா, கூடாரக்காரர் தெரு. பஸ் வண்டிப் பயணிகள் இங்கே வருவது குறைவு. நான்கு நாட்களில் ஒன்றரை நாளை நான் இங்கேயே கழித்தேன்.

சுல்தான்களின் பாசறைக் கூடாரம், ஹஜ் பயணக் கூடாரம், கல்யாணப் பந்தல், ஜனாஸா வீட்டுப் பந்தல் எல்லாவற்றுக்கும் உள்பக்கச் சோடனைத் துணி தைத்தது இந்தத் தெரு. கெய்ரோ துணி வேலைக்குப் பெயர்பெற்ற ஊர். கஃபாவின் கிஸ்வாவையும் நீண்ட காலமாக இங்கே குருன்பிஷ் என்ற இடத்தில்தான் நெய்து, தங்க நூலால் தைத்து அனுப்பினார்கள். 1927இல் மக்காவில் தனித் தொழிற்சாலை தொடங்கியது. கெய்ரோவில் இருந்து கடைசிக் கிஸ்வா போனது 1962இல்.

வேலை செய்வோர் எல்லோரும் ஆண்கள். கடைத் திண்ணையில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, மடியில் துணியை விரித்துத் தைக்கிறார்கள். முதலில் பெரிய கடதாசியில் கோலத்தின் ஒரு பகுதியை மட்டும் வரைகிறார்கள். கடதாசியை நான்காகவோ எட்டாகவோ மடித்து, கோடு நெடுக ஊசியால் குத்துகிறார்கள். விரித்தால் முழுக் கோலமும் துளைகளாக இருக்கும். அதைத் தடித்த பருத்திக் கன்வஸின் மேல் வைத்துக் கரித்தூளைத் தேய்த்தால் கோலம் துணியில் இறங்கிவிடும். கறுப்புத் துணிக்கு வெள்ளைத் தூள். பிறகு நிறத் துணியைப் பெரிய கத்தரிக்கோலால் வெட்டி, ஓரத்தை ஊசி முனையால் உள்ளே மடித்து மடித்துத் தைக்கிறார்கள். தையல் கண்ணுக்குத் தெரியக் கூடாது. இதழ் வளையும் இடத்தில் கூர் மழுங்கக் கூடாது. கோலங்கள் பலவும் பள்ளிவாசல்களின் பளிங்குத் தரையிலும் கூரையிலும் இருந்து எடுத்தவை. தாமரையும் உண்டு, குர்ஆன் வசன எழுத்தணியும் உண்டு.

இங்கே என் இரண்டாவது கேள்விக்கு ஒரு வயதான உஸ்தாத் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. "யா ஹாக்" என்றார் (எகிப்தியர் ஹாஜியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்), "என் வாப்பாவிடம் வாங்கியது கெய்ரோ. என்னிடம் வாங்குவது கெய்ரோ இல்லை." பந்தல்காரர்கள் இப்போது அச்சடித்த துணியை மீற்றர் கணக்கில் வாங்குகிறார்கள். சிவப்பும் நீலமுமாக அதே கோலம், மெசினில் அடித்தது. றமழானில் நகரம் முழுவதும் தொங்குவது அதுதான். தூரத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, விலையோ பக்கத்திலும் வர முடியாத விலை. அதே தெருவில், கையால் தைப்பவருக்குப் பக்கத்துக் கடையிலேயே அதை விற்கிறார்கள். விற்பவரையும் குறை சொல்ல முடியவில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

அப்படியானால் இந்த உஸ்தாத்மார் எப்படி இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள்? அவுஸ்திரேலியத் தூதுவரின் மனைவியாகக் கெய்ரோவில் இருந்த ஜெனி பௌக்கர் என்ற பெண்மணி துணி ஒட்டுத் தையலில் வல்லவர். இந்தத் தெருவின் வேலையைப் பார்த்து அசந்துபோய், 2007இல் மெல்பேர்னில் நடந்த தையற்கலை மாநாட்டுக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். பின்னர் தொழிலாளர்களே வெளிநாடுகளுக்குப் போய், கண்காட்சி மண்டபத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, எல்லோர் முன்னிலையிலும் தைத்துக் காட்டினார்கள். அங்கே பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் வீட்டில் தாங்களே ஊசி பிடிப்பவர்கள். ஒரு வளைவை மடித்துத் தைக்க எவ்வளவு நேரம் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே விலையைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. 2011க்குப் பிறகு கெய்ரோவில் வெளிநாட்டார் நடமாட்டம் அற்றுப்போன வருடங்களில் இந்தத் தெருவுக்குச் சோறு போட்டதில் அந்த வாடிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு. 2015இல் இவர்களைப் பற்றி ஒரு விவரணப்படமும் வெளியானது.

உள்ளூர் வாடிக்கையாளர் உள்ள தெரு பிழைக்கும், வெளிநாட்டாரை நம்பிய தெரு ஆட்டம் காணும் என்று ஸாகாவையும் பானூஸ் தெருவையும் பார்த்து நான் போட்டிருந்த கணக்கை கியாமிய்யா கொஞ்சம் குழப்பிவிட்டது. இங்கே கைவிட்டது உள்ளூர், தாங்கியது வெளியூர். ஆனால் தாங்கிய வெளியூர் பஸ்ஸில் வந்து இரண்டு மணித்தியாலத்தில் ஓடுகிற வெளியூர் அல்ல. வேலையின் பெறுமதி தெரிந்த வெளியூர். உஸ்தாத்மாரும் அவர்களைத் தேடி ஊசியோடு போனார்கள். நடுப்பகுதிக் கடைக்காரர் அப்படிப் போக நினைத்தாலும் முடியாது; எதைக் கொண்டுபோய்ச் செய்து காட்டுவார்? செய்பவர் அவர் அல்லவே. மருதமுனையில் தறி வைத்திருக்கும் நண்பர்களிடம் இதைச் சொன்னபோது, சாரத்துக்கும் சேலைக்கும் அப்பால் யாரைத் தேடிப் போவது என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. கையால் நெசவு செய்கிறவர்கள், துணி சேகரிக்கிறவர்கள் எந்த நாட்டில் கூடுகிறார்கள் என்று தேடுவதில் இருந்து தொடங்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

கியாமிய்யாவுக்கும் கவலை இல்லாமல் இல்லை. பழகுவதற்குப் பொடியன்மார் வருவதில்லை. ஊசி பிடித்து நான்கு வருடம் பழகுவதைவிட முச்சக்கர வண்டி ஓட்டினால் இன்றைக்கே காசு. உஸ்தாத்தின் மூத்த மகன் வளைகுடாவில். இளையவன் மட்டும் பின்னேரங்களில் வந்து, தைப்பதற்குப் பதிலாகக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்புகிறான். தகப்பனுக்கு அது வேலையாகத் தெரியவில்லை, எனக்கு அதுவும் வேலையாகத்தான் தெரிந்தது.

விலை பேசினோம். சுவரில் தொங்கவிடும் ஒரு துண்டுக்கு அவர் சொன்ன தொகை எனக்குக் கூடுதலாகப் பட்டது. குறைக்கச் சொன்னேன். அவர் துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத் தையலைக் காட்டி, எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். நாட்சம்பளத்தால் பெருக்கிப் பார்த்தேன். நமது ஊரில் மேசன் பாஸுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. அதற்கு மேல் பேரம் பேச மனம் வரவில்லை. நான்கு சிறிய துண்டுகளும் ஒரு பெரிய துண்டும் எடுத்தேன். மடித்தால் சூட்கேஸின் ஒரு மூலைக்குள் அடங்கும், உடையும் என்ற பயமில்லை. கொழும்பில் ஒரு ஹோட்டல்காரர் வரவேற்பு மண்டபத்துக்கு இரண்டு பெரிய துண்டுகள் கேட்டிருக்கிறார். உஸ்தாத் பாதி முற்பணம் கேட்கிறார், மூன்று மாதத் தவணை. அளவையும் நிறத்தையும் அந்த இளைய மகனிடம்தான் கைத்தொலைபேசியில் பேசி முடித்திருக்கிறோம்.